சுத்தியலின் வேலையைத் திருகிடம் கொடுங்கள்: சைக்கிள் பழுதுபார்க்க வீட்டிலேயே செய்துகொள்ளும் கருவிகள்

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மும்பை தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் குடியிருக்கிறீர்கள். அப்பா விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு மாஹிம், தாதர் பக்கம் விற்கப் போகும் பழைய 28 அங்குலச் சைக்கிள் ஒன்றும், நீங்கள் குர்லாவுக்கு வேலைக்குப் போவதற்காகப் பழையதாக வாங்கிய கியர் சைக்கிள் ஒன்றும் வீட்டில் இருக்கின்றன. அப்பாவின் சைக்கிளில் மிதிக்கும்போதெல்லாம் 'டொக், டொக்' என்று சத்தம் வருகிறது. கடையில் இரண்டு முறை காட்டர் பின் (பெடலைத் தாங்கும் கிராங்கை அச்சோடு பூட்டும் ஆப்பு) மாற்றியும் ஒரு மாதத்துக்கு மேல் நிற்கவில்லை. உங்கள் சைக்கிளில் ஹேண்டில் கப்பு (ஹேண்டில் திரும்பும் இடத்தில் பால்ரஸ் ஓடும் கிண்ணம்) தேய்ந்துவிட்டது. கருவிகளை முழுத் தொகுப்பாக வாங்கப் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது என்பதால், எவற்றையெல்லாம் வீட்டிலேயே மலிவாகச் செய்துகொள்ளலாம், எவற்றைக் கட்டாயம் வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சயான் பக்கத்தில் ஒரு சிறிய எந்திரப் பட்டறையில் 27 ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்தவன். சைக்கிள் கடை வைத்தவன் அல்லன். ஆனால் எங்கள் சாலில் (வரிசை அறைக் குடியிருப்பில்) இட்லியும் பாவும் பாலும் விற்கப் போகிறவர்களின் சைக்கிள்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வாசலில்தான் நிற்கும். அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். வேலை செய்யும்போது கருவியின் எந்தப் பகுதி எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்று பார்த்தால், எதைச் செய்வது, எதை வாங்குவது என்பது தானாகவே விளங்கிவிடும். பிடித்துக்கொள்வது, தாங்கிக்கொள்வது, நேராக அழுத்துவது ஆகிய வேலைகளைச் செய்யும் கருவிகளை வீட்டில் செய்யலாம். அவற்றில் சுமை அகலமான பரப்பில் பரவுகிறது, அளவின் துல்லியத்தைச் சைக்கிளின் பாகமே கொடுத்துவிடுகிறது. மிகச் சிறிய விளிம்பிலோ நுண்ணிய மரையிலோ பெரிய விசையைத் தாங்க வேண்டிய கருவிகளை வீட்டில் செய்யக் கூடாது. அங்கே உலோகத்தின் பதமும் அளவும் கொஞ்சம் தவறினாலும் கெட்டுப்போவது கருவி அல்ல, சைக்கிள்.

தெருவோரப் பழுதுகள் பல நீடிக்காததற்குக் காரணம் வேலை செய்பவரின் திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. அவர் கையில் இருப்பது சுத்தியல் மட்டும்தான். கப்பை இறக்கவும், காட்டரை ஏற்றவும், அச்சைத் தட்டி எடுக்கவும் அதையே பயன்படுத்துகிறார். பால்ரஸ் குண்டு தன் பாதையை ஒரு சிறு புள்ளியில்தான் தொடுகிறது. வெளியே விழும் ஒவ்வொரு அடியும் அந்தப் புள்ளி வழியாகத்தான் உள்ளே போகிறது. கப்பிலும், குண்டுகளுக்கு உட்பாதையான கோனிலும் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுகின்றன. பிறகு ஒவ்வொரு சுற்றிலும் குண்டுகள் அந்தக் குழிகளில் இறங்கி ஏறுகின்றன. ஆகவே நீங்கள் செய்துகொள்ள வேண்டிய கருவிகளில் முக்கியமானவை எல்லாம், சுத்தியல் செய்துவந்த வேலையைத் திருகு மூலம் மெதுவாகச் செய்பவை.

தொடங்கும் முன் சில பொருள்களை வாங்கத்தான் வேண்டும். நாக்தேவி தெருவில் கைக்கருவிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு நல்ல ஆக்சா பிளேடு சட்டம், ஒரு தட்டை அரம், ஒரு வட்ட அரம், எஃகு அளவுகோல், விட்டம் அளக்கும் சாதாரண வெர்னியர் ஆகியவற்றைப் புதிதாகவே வாங்குங்கள். வைஸ், ஜி-கிளாம்ப் போன்ற கனமான பொருள்களைச் சோர் பஜாரில் பழையதாகத் தேடலாம். திருகை முழுவதும் திறந்து மூடிப் பார்த்து, தாடைகள் ஒன்றுக்கொன்று நேராகச் சந்திக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். குழாய்த் துண்டு, இரும்புப் பட்டை, பழைய செயின் ஆகியவற்றுக்கு நீங்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை. உங்கள் தாராவியின் 13 காம்பவுண்டில் இருக்கும் பங்கார் (பழைய இரும்பு) கடைகளில் எடைக்குக் கிடைக்கும். அங்கே போகும்போது வெர்னியர் உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும், ஏனென்றால் இந்த வேலையில் பாதி, சரியான விட்டமுள்ள குழாயைக் கண்டெடுப்பதுதான்.

அளவைப் பற்றி ஒன்று. அப்பாவின் சைக்கிளில் பல இடங்களில் மில்லிமீட்டர் போல்ட் நுழையாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டுக் கறுப்புச் சைக்கிள் இங்கிலாந்து வார்ப்பில் பிறந்தது. 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவானதுதான். அதனால் இந்த வகைச் சைக்கிளின் அச்சுகளிலும் கப்புகளிலும் அங்குல மரைகளே வழங்கிவருகின்றன. பெடல் மரை 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. கிராங்க் அச்சைத் தாங்கும் பி.பி. கப்பின் மரை 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. இந்த இரண்டு அளவுகளும் பெரும்பாலான கியர் சைக்கிள்களிலும் அப்படியே தொடர்கின்றன. நுழையாத நட்டை விசையால் நுழைக்க முயலாதீர்கள்.

இப்போது அப்பாவின் 'டொக், டொக்' சத்தத்துக்கு வருகிறேன். முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதிசெய்யுங்கள். இரண்டு கிராங்குகளையும் ஒவ்வொரு கையால் பிடித்து எதிரெதிராக அசைத்துப் பாருங்கள். ஒரு கிராங்க் மட்டும் அச்சின்மேல் தனியாக நகர்ந்தால் காட்டர் சரியாக உட்காரவில்லை. இரண்டும் சேர்ந்தாற்போல் பக்கவாட்டில் ஆடினால் பி.பி. கப்பு தளர்ந்திருக்கிறது, இரண்டும் அசையாமல் சத்தம் மட்டும் வந்தால் பெடலின் அச்சைப் பாருங்கள். இரண்டு முறை மாற்றியும் நிற்கவில்லை என்று நீங்கள் சொல்வதிலிருந்து, காட்டரை உள்ளே ஏற்றிய முறையில்தான் பிழை என்று கருதுகிறேன். கிராங்கின் அடியில் எந்தத் தாங்கலும் இல்லாமல் மேலே அடித்தால், அடியின் பெரும்பகுதி காட்டரைச் சேராமல் அச்சு வழியாகப் பால்ரஸுக்குப் போய்விடும். காட்டரும் முழுதாக இறங்காது, கப்பிலும் குழி விழும்.

இதற்கான மிக மலிவான கருவி ஓர் அரை அங்குல ஜி.ஐ. குழாய்த் துண்டு. சைக்கிளை நேராக நிறுத்தி, கிராங்கைக் காட்டர் செங்குத்தாக நிற்கும்படி திருப்பி, தரையிலிருந்து கிராங்கின் அடிப்புறம் வரை உள்ள உயரத்தை அளந்து, அந்த அளவுக்குக் குழாயை வெட்டுங்கள். இரண்டு முனைகளையும் அரத்தால் சமமாக்குங்கள். குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 16 மி.மீ. இருப்பதால், காட்டரின் கீழ்முனை அதற்குள் தாராளமாக இறங்கும். கிராங்கின் உடல் குழாயின் விளிம்பில் உட்காரும். இனி மேலே விழும் அடி குழாய் வழியாகத் தரைக்குப் போகும், பால்ரஸுக்குப் போகாது. குழாயைக் கிராங்கோடு ஒட்டி நிற்கும்படி வெட்டுங்கள். இடையில் ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் பயனில்லை.

இதைவிடச் சிறந்தது அடிக்காமலே அழுத்துவது. அடித்து உருவாக்கிய எஃகு ஜி-கிளாம்ப் ஒன்றும், காட்டரின் தலையும் மரைமுனையும் உள்ளே நுழையும் அளவுக்குத் துளையுள்ள ஒரு சிறு குழாய்த் துண்டும் போதும். வார்ப்பிரும்புக் கிளாம்ப் வேண்டாம், அது எச்சரிக்கையில்லாமல் உடையும். கழற்றும்போது நட்டை முழுவதும் எடுக்காமல், காட்டரின் மரைமுனையோடு சமமாக நிற்கும்வரை தளர்த்தி, கிளாம்பின் திருகை அந்த நட்டின்மேல் வைத்து, எதிர்ப்புறத்தில் காட்டரின் தலையைச் சுற்றிக் குழாய்த் துண்டைத் தாங்கலாக வைத்து இறுக்குங்கள். நட்டு அங்கே இருப்பதால் மரை நசுங்காது. முதல்நாள் இரவே இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு வைப்பது நல்லது. கிளாம்ப் முழு இறுக்கத்தில் இருந்தும் அசையவில்லை என்றால், அந்த இறுக்கத்தோடேயே திருகின் தலையில் ஒரு சிறு தட்டு தட்டினால் பெரும்பாலும் 'படக்' என்று விட்டுவிடும். புதிய காட்டரை ஏற்றும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

ஏற்றும் முன் காட்டரின் சரிவான முகத்தைப் பொருத்திப் பார்க்க வேண்டும். கடையில் அவசரத்தில் விட்டுப்போவது இந்த வேலைதான். சரிவான முகத்தில் விளக்குக் கரியைத் தடவி, கையால் அழுத்தி நுழைத்து எடுங்கள். கரி ஒரு மூலையில் மட்டும் அழிந்திருந்தால் அந்த மூலை மட்டுமே அச்சைத் தொடுகிறது என்று பொருள். அந்த இடத்தை அரத்தால் ஒன்றிரண்டு இழுப்பு மட்டும் சீவி, மறுபடி கரி தடவிப் பாருங்கள். முகம் முழுவதும் சீராக அழியும்வரை இதைச் செய்ய அரை மணி நேரம் ஆகலாம், ஆகட்டும். இரண்டு காட்டர்களும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும்: கிராங்குகள் மேலும் கீழுமாக நிற்கும்போது ஒன்றின் நட்டு முன்பக்கமும் மற்றதன் நட்டு பின்பக்கமும் இருக்கும். ஒரே பக்கம் இருந்தால் இரண்டு பெடல்களும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. நட்டை இறுக்கிக் காட்டரை உள்ளே இழுக்க முயலாதீர்கள். ஏறிய காட்டர் திரும்பி வராமல் காவல் நிற்பது மட்டுமே அந்த நட்டின் வேலை.

உங்கள் கியர் சைக்கிளின் ஹேண்டில் கப்புக்கு, வீட்டில் செய்யும் கருவிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உதவும். நாக்தேவியில் 'த்ரெட் ராடு' என்று கேட்டால், முழு நீளத்துக்கும் மரை வெட்டிய தண்டு ஒரு மீட்டர் நீளத்தில் கிடைக்கும். 12 மி.மீ. அல்லது 16 மி.மீ. விட்டத்தில் வாங்கி, 35 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். அதற்கேற்ற நான்கு நட்டுகளும், கப்பின் வெளிவிளிம்பை முழுவதும் மூடும் அளவுக்கு அகலமான கனத்த வாஷர்களும் வேண்டும். தண்டின் ஒரு முனையில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டிவிடுங்கள். அது போல்ட்டின் தலை போலாகிவிடும். ஃபிரேமின் முன்குழாய்க்குள் தண்டை நுழைத்து, ஒரு முனையில் கப்பையும் வாஷரையும் வைத்து, மறுமுனையில் குழாயின் வாயை வாஷரால் மூடி, நட்டைத் திருகத் தொடங்குங்கள். 12 மி.மீ. தண்டின் மரை இடைவெளி 1.75 மி.மீ.; அதாவது நட்டை அரைச்சுற்று சுற்றினால் கப்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நகரும். சுத்தியலால் இந்தக் கட்டுப்பாட்டை எவராலும் கொண்டுவர முடியாது.

இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. ஒரு நேரத்தில் ஒரு கப்பை மட்டும் ஏற்றுங்கள்; இரண்டையும் ஒன்றாக இழுத்தால் எது சாய்கிறது என்று தெரியாது. வாஷர் கப்பின் வெளிவிளிம்பில் மட்டுமே உட்கார வேண்டும், பால்ரஸ் ஓடும் பாதையைத் தொடக் கூடாது. கப்பு நடுவில் நிற்பதற்காக, அதன் உள்வாயில் சரியாக நுழையும் சிறிய வாஷர் ஒன்றைப் பெரிய வாஷருக்கு அடியில் சேர்த்துவிடுங்கள். குழாயின் உட்புறத்தைத் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். முதல் மூன்று மில்லிமீட்டர் வரை ஒவ்வொரு அரைச்சுற்றுக்கும் நிறுத்தி, கப்பைச் சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் நட்டைத் தளர்த்திக் கப்பை வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். சாய்ந்ததை இழுத்து நேராக்கலாம் என்று நினைத்தால் ஃபிரேமின் வாய் விரிந்துவிடும், அதற்குப் பிறகு எந்தக் கப்பும் அங்கே இறுக்கமாக நிற்காது. ஃபிரேம் அலுமினியம் என்றால் இந்த எச்சரிக்கையை இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கப்பை வெளியே எடுக்க, ஏறத்தாழ 25 மி.மீ. வெளிவிட்டமுள்ள எஃகுக் குழாய் ஒன்றை ஒன்றரை அடிக்கு வெட்டி, ஒரு முனையில் கூட்டல் குறி போல 10 செ.மீ. ஆழத்துக்கு ஆக்சா பிளேடால் இரண்டு வெட்டுகள் போடுங்கள். நான்கு நாக்குகள் கிடைக்கும். அவற்றை வெளிப்புறமாக விரித்துவிடுங்கள். குழாயின் மறுமுனையை முன்குழாய்க்குள் விட்டு இழுத்தால், நாக்குகள் ஒடுங்கி உள்ளே போய், கப்பைத் தாண்டியதும் விரிந்து அதன் பின்விளிம்பில் உட்காரும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முனையில் இருந்து அடித்தால் கப்பு கழன்று விழும். இங்கே மட்டும் சுத்தியலை அனுமதிக்கிறேன்; எப்படியும் தூக்கிப் போடப்போகிற கப்பு அது. ஃபோர்க்கின் அடியில் ஏறும் வளையத்துக்கும் ஒரு குழாய் வேண்டும். உங்கள் வகைச் சைக்கிளில் ஃபோர்க் தண்டு பெரும்பாலும் 28.6 மி.மீ., வளையம் உட்காரும் இடம் 30 மி.மீ.; உள்விட்டம் 30-ஐவிடச் சற்றே கூடுதலான, தண்டைவிட நீளமான குழாயைத் தேடுங்கள். புதிய வளையத்தின்மேல் பழைய வளையத்தைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் குழாயை இறக்கித் தட்டினால், புதியதன் பாதையில் கீறல் விழாது.

அப்பாவின் சைக்கிளில் பி.பி. கப்பைக் கழற்ற நேர்ந்தால், ஒரு போல்ட் செய்யும் அழகான வேலையைச் சொல்ல வேண்டும். செயின் பக்கத்துக் கப்பின் மரை இடது மரை. அதைக் கழற்ற வலப்பக்கம் சுற்ற வேண்டும். அதன் வெளிமுகம் மெலிதாக இருப்பதால் ஸ்பேனர் வழுக்கிக்கொண்டே இருக்கும். மற்றப் பக்கத்துக் கப்பையும் அச்சையும் முதலில் எடுத்துவிட்டு, அச்சு போகும் துளையில் நுழையும் அளவுக்குத் தடித்த போல்ட் ஒன்றை வாஷருடன் வெளியிலிருந்து செருகி, உட்புறம் வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட்டு போட்டு, நட்டைக் குழாய் ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு முடிந்தவரை இறுக்குங்கள். கப்பு இப்போது இரண்டு வாஷர்களுக்கு இடையே சிக்கிக்கொண்டது. போல்ட்டின் தலையை நீளமான ஸ்பேனரால் வலப்பக்கமே தொடர்ந்து சுற்றுங்கள். போல்ட்டின் வலது மரைக்கு அது இறுக்கும் திசை. கப்பின் இடது மரைக்கு அதுவே கழற்றும் திசை. எவ்வளவு வலுவாகச் சுற்றுகிறீர்களோ அவ்வளவு இறுக்கமாகப் போல்ட் பிடித்துக்கொள்ளும், வழுக்குவதற்கு இடமே இல்லை. இதை முதன்முதலில் செய்து பார்த்த அன்று, கப்பு அசைந்த அந்த நொடியில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது.

பழைய போக்ஸ் கம்பிகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு கம்பியை நான்கு அங்குலத்துக்கு வெட்டி இரண்டு முனைகளையும் கொக்கி போல வளைத்தால், செயினைக் கழற்றி மாட்டும்போது அதன் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொள்ளும் மூன்றாவது கை கிடைத்துவிடும். இன்னொன்றின் முனையைக் கூராக்கினால் பிரேக் கம்பி உறையின் நசுங்கிய வாயைத் திறக்கலாம். செயின் தேய்மானத்தை அளக்கவும் தனிக் கருவி தேவையில்லை. செயினின் ஒரு கண்ணி அரை அங்குலம். ஒரு பின்னின் மையத்திலிருந்து 24 கண்ணிகள் எண்ணி எஃகு அளவுகோலை வைத்தால் புதிய செயினில் சரியாக 12 அங்குலம் இருக்கும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் கியர் சைக்கிளில் செயினை மாற்றிவிடுங்கள். 1/8 அங்குலம் கூடிவிட்டால் பின் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். அப்பாவின் ஒற்றைப் பற்சக்கரச் சைக்கிள் அவ்வளவு கறாரானதல்ல, இன்னும் கொஞ்சம் ஓடவிடலாம். அதில் செயின் லாக் கிளிப்பை மாட்டும்போது, அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையில் முன்னால் இருக்கட்டும்.

ரிம் கோட்டம் எடுக்கத் தனித் தாங்கி வாங்குவது தேவையற்ற செலவு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும் பிளாஸ்டிக் கட்டுநாடாக்களை இறுக்கி, அவற்றின் வால்களை ரிம்மைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வெட்டிவிட்டால், எங்கே உரசுகிறது, எங்கே விலகுகிறது என்று அதுவே காட்டிவிடும். போக்ஸ் கம்பியை இறுக்கும் நிப்பிளை ஒரு முறைக்குக் கால்சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். ரிம் நடுவில் இருக்கிறதா என்று பார்க்க, வீலைக் கழற்றி வலமிடமாக மாற்றி மாட்டுங்கள். இரண்டு முறையும் இடைவெளி ஒன்றாக இருந்தால் நடுவில்தான் இருக்கிறது. (கியர் சைக்கிளின் பின்வீலுக்கும் இந்தச் சோதனை பொருந்தும், செயினை மட்டும் ஒதுக்கிவிட வேண்டும்.) கம்பிகளின் இறுக்கத்தை விரலால் மீட்டிக் காதால் கேளுங்கள்: ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும், ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது. கியர் சைக்கிளின் பின்வீலில் பற்சக்கரப் பக்கத்துக் கம்பிகள் இயல்பாகவே இறுக்கம் கூடியவை, ஆகவே அவற்றை மறுபக்கத்தோடு ஒப்பிடக் கூடாது. அப்பாவின் சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40 கம்பிகள் இருக்கும். பின்வீல்தான் பாத்திரச் சுமையைத் தாங்குகிறது, அதற்கு முதலிடம் கொடுங்கள்.

வீல் அச்சின் கோனைப் பிடிக்கும் கோன் ஸ்பேனர் மெலிதாக இருக்க வேண்டும், ஏறத்தாழ 2 மி.மீ. கனம். மலிவான தகட்டு ஸ்பேனர் ஒன்றைச் சாணை பிடித்து மெலிதாக்கலாம். சூடேறி நீல நிறம் வந்துவிட்டால் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள், ஆகவே சில நொடிகளுக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கி எடுங்கள். அரத்தால் கையாலேயே தேய்த்தால் இரண்டு மாலைகள் ஆகும், ஆனால் பதம் கெடும் பயம் இல்லை.

இனிச் சிறு பொருள்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 20 மி.லி. ஊசிக்குழாயை ஊசியில்லாமல் வாங்கிக் கிரீஸ் நிரப்பினால், கப்பின் பாதையில் கையில் ஒட்டாமல் அளவாக வைக்கலாம். உடைந்த ஒலிபெருக்கியின் காந்தத்தை ஒரு எவர்சில்வர் மூடிக்கு அடியில் வைத்து அதில் பால்ரஸ் குண்டுகளைப் போட முயன்றேன். எவர்சில்வர் மூடிகளில் சில காந்தத்தை மறைத்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் மூடியே நல்லது. குண்டுகள் காந்தத்தை நேரடியாகத் தொடக் கூடாது. காந்தம் ஏறிய குண்டு இரும்புத் துகளை இழுத்து வைத்துக்கொள்ளும். குண்டுகளை எண்ணி வையுங்கள்: பி.பி. கப்பில் பக்கத்துக்கு 11, பின் அச்சில் பக்கத்துக்கு 9, இரண்டும் வழக்கமாக கால் அங்குலக் குண்டுகள். பழைய ட்யூப்பைக் குறுக்கே வெட்டினால் கிடைக்கும் ரப்பர் வளையங்கள் பிரேக்கைப் பிடித்து வைக்கவும், வைஸின் தாடைகளுக்கு மெத்தையாகவும் உதவும். கரண்டிக் காம்பை டயர் கழற்றப் பயன்படுத்துவதானால், அதன் விளிம்புகளை முதலில் உப்புத்தாளால் மழுங்கச் செய்யுங்கள். இல்லையென்றால் ஒரு பங்க்சரை ஒட்டப் போய் இரண்டாவதை உண்டாக்குவீர்கள்.

உங்கள் அறையின் அளவுக்குச் சைக்கிள் தாங்கி வைக்க இடமிருக்காது. பரணைத் தாங்கும் இரும்பு உத்தரத்தில் இரண்டு கயிறுகள் கட்டி, 8 மி.மீ. கம்பியை வளைத்துச் செய்த கொக்கிகளால் இருக்கையின் அடியையும் ஹேண்டிலையும் தூக்கி நிறுத்தினால் போதும். வேலை முடிந்ததும் கயிற்றைச் சுருட்டி மேலே போட்டுவிடலாம். மின்விசிறிக் கொக்கியில் மட்டும் தொங்கவிடாதீர்கள். செயின் கழுவ மண்ணெண்ணெயோ டீசலோ கொஞ்சமாக எடுத்து, வாசலுக்கு வெளியே செய்யுங்கள். பெட்ரோல் கூடவே கூடாது. விடியற்காலையில் இட்லி அடுப்பு எரியும் வீடு உங்களுடையது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் ஆண்டு முழுவதும் கடற்காற்றும் இருக்கும் ஊர் இது. செய்த கருவிகளை எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்காவிட்டால் ஒரே பருவத்தில் துருவேறிவிடும்.

வாங்கியே ஆக வேண்டியவை குறைவு. நிப்பிள் சாவியை வாங்குங்கள். அது நிப்பிளின் நான்கு முகங்களையும் பிசகாமல் பிடிக்க வேண்டும், அரத்தால் வெட்டிய சாவி இரண்டே நாளில் நிப்பிளை உருட்டிவிடும். கியர் சைக்கிளின் கிராங்கைக் கழற்றும் கருவியில் இருப்பது 22 மி.மீ. விட்டத்தில் 1 மி.மீ. இடைவெளி கொண்ட நுண்மரை. மரை கெட்டால் கிராங்கையே மாற்ற வேண்டும். ஃப்ரீவீல் (பின் பற்சக்கரம்) கழற்றும் கருவியையும் வாங்குங்கள். இரண்டு பள்ளங்கள் உள்ள ஃப்ரீவீலுக்கு ஒருமுறை இரும்புப் பட்டையை அரத்தால் சீவி நானே செய்தேன். முதல் முயற்சியிலேயே அதன் மூலைகள் மடங்கி, பள்ளங்களையும் தின்றுவிட்டன, அந்த ஃப்ரீவீலை உடைத்துத்தான் எடுக்க நேர்ந்தது. வாங்கிய கருவியை அச்சின் நட்டால் இலேசாகப் பிடித்து வைத்து, கருவியை வைஸில் கடிக்கவிட்டு, வீலைப் பேருந்தின் ஸ்டியரிங் போல இடப்பக்கம் திருப்புங்கள். அசைந்ததும் நட்டைக் கழற்றிவிட வேண்டும். பதமேற்றிய எஃகை இன்னொரு பதமேற்றிய எஃகால் அடிக்காதீர்கள், சில்லு தெறிக்கும். வெட்டும்போதும் அடிக்கும்போதும் கண்ணாடி அணியுங்கள்.

முதலில் காட்டர் வேலையைத் தொடங்குங்கள், அதற்குக் குழாய்த் துண்டும் கிளாம்பும் கரியும் அரமும் மட்டுமே தேவை. அப்பா விற்பனைக்குப் போகாத நாளின் முன்னிரவில் எண்ணெய் விட்டு வையுங்கள். ஏற்றி முடித்தபின், பாத்திரச் சுமையோடு முதல் நாள் போய் வந்ததும், கிளாம்பால் காட்டரை மறுபடி ஒருமுறை அழுத்திவிட்டு நட்டை இறுக்குங்கள். சுமை ஏறியதும் காட்டர் இன்னும் ஒரு நூல் உள்ளே இறங்கி, நட்டு தளர்ந்திருக்கும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.